குழந்தையின் சொல் எடுபடுமா? போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

என் மகளுக்கு ஏழு வயது. நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. அவள் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டனை கிடைக்குமா?
ஒரு தாய், வியாசர்பாடி

கிடைக்கலாம். நான்கு பேர் பார்க்க நடக்கிற குற்றமல்ல இது என்பது நீதிபதிக்கும் தெரியும். குழந்தையின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் துணை நிற்பது நல்லது, ஆனால் அது இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1951-லேயே ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நடந்ததைச் சில மணி நேரத்தில் அவள் தாயிடம் சொன்னதையே துணை ஆதாரமாக ஏற்றது. ஆகவே உங்கள் மகள் முதலில் யாரிடம், எப்போது, என்ன வார்த்தையில் சொன்னாள் என்பது முக்கியம். அதை அப்படியே எழுதி வையுங்கள்.

சாட்சிக் கூண்டில் வயது தடையில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் கணக்கு. பெயர் என்ன, எந்த வகுப்பு, பொய் சொல்லலாமா என்று நீதிபதி முதலில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் நீதிமன்றத்தில் சொல்வதும் சாரத்தில் ஒத்துப்போனால் போதும். தேதி, கிழமை, சட்டையின் நிறம் தடுமாறினால் வழக்கு கவிழாது.

கவிழ்ப்பது பெரும்பாலும் நம் அக்கறைதான். பாரிமுனைப் பக்கம் நீதிமன்ற வராந்தாவில் குழந்தையை நிறுத்தி, பாட்டுப் போட்டிக்குப் போவதுபோல ஒப்பிக்க வைக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுக் குழந்தையின் வாயில் 'பாலியல் தொந்தரவு' என்ற சொல் வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லட்டும்.

மருத்துவ அறிக்கையில் காயம் இல்லை என்று வந்திருக்கிறது. வழக்கு போய்விட்டதா?
வேளச்சேரி வாசகர்

இல்லை. தொட்டதற்குத் தழும்பு இருக்காது. ஆடைக்கு மேலாகத் தொட்டதும் குற்றமே என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சம்பவத்தன்று அணிந்த துணி இருந்தால் துவைக்காமல் காகித உறையில் வைத்துப் போலீஸிடம் கொடுங்கள்.

என் தம்பி மீது வழக்கு. போக்சோவில் கைதானாலே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுவார்களாமே?
பெயர் வேண்டாம், தாம்பரம்

போக்சோ சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் பற்றிக் கேட்கிறீர்கள். குற்றம் நடந்ததாக அனுமானிக்க அது இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அடிப்படை விவரங்களை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும்: குழந்தைக்கு 18 வயது நிறையவில்லை, சொல்லப்படும் சம்பவம் நடந்தது என்று. அதன்பிறகே நிரூபிக்கும் பாரம் உங்கள் தம்பி பக்கம் நகரும். குறுக்கு விசாரணையிலோ தன் தரப்புச் சாட்சி மூலமோ அவர் அந்த அனுமானத்தை உடைக்கலாம். இடையில் குழந்தையின் குடும்பத்திடம் தூது மட்டும் அனுப்பாதீர்கள். ஜாமீன் போய்விடும்.

வயதை நிரூபிக்கப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போதாதா?
பெரம்பூர்

போதாது. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போக்சோ தண்டனையே ரத்தானது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லையென்றால் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதில் ஓரிரு வயது முன்பின் இருக்கும். 17, 18 என்ற இடத்தில் அந்த வித்தியாசமே வழக்கைத் தீர்மானித்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தைப் பார்த்தால் என் பையன் பேசவே மாட்டான். என்ன செய்வது?
ஒரு தந்தை, திருவொற்றியூர்

பார்க்க வேண்டியதில்லை. திரைக்குப் பின்னாலோ காணொளியிலோ சாட்சி சொல்லலாம். நீங்களும் கூட இருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவனிடம் நேராகக் கேட்கக்கூடாது. அவர் கேள்வியை நீதிபதிதான் கேட்பார். நடைமுறையில் இதை மறந்துவிடுவது உண்டு. முதல் நாளே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி மனு போடச் செய்யுங்கள். பையன் சோர்ந்தால் இடைவேளை கேட்கலாம். பிஸ்கட் கொண்டுபோங்கள், காத்திருக்க நேரமாகும்.