ஃபயர்ஃபைட்டர் 1 முடித்தாயிற்று, 2 எதற்கு?

கேள்வி: நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது. இரண்டு வருடப் படிப்புள்ள கவுண்டி காலேஜில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருடம், சம்பளமில்லாமல் தீயணைக்கப் போகும் ஊர் வாலன்டியர் ஃபயர் கம்பெனியில் சேர்ந்து, ஃபயர்ஃபைட்டர் 1 சான்றிதழும் வாங்கிவிட்டான். இப்போது ஃபயர்ஃபைட்டர் 2 எடுக்கப் போகிறானாம். இது நம் ஊர் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் மாதிரியா? முதல் நிலை என்றால் வெளியே நின்று ஹோஸ் பிடிப்பார்கள், இரண்டாவது முடித்தால் எரிகிற வீட்டுக்குள்ளேயே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. “இதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று அவன் அப்பா வேறு கேட்கிறார்.

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். எரிகிற வீட்டுக்குள் போவது முதல் நிலையிலேயே வந்துவிடுகிறது. பையன் அதை வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் பாடத்தை வகுப்பது என்.எஃப்.பி.ஏ எனப்படும் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம். 1001 என்ற எண்ணில் பல காலம் இருந்த அந்தத் தரநிலையை, 2024 பதிப்பிலிருந்து வேறு சிலவற்றோடு சேர்த்து 1010 ஆக்கிவிட்டார்கள். அதில் ஃபயர்ஃபைட்டர் 1-க்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு புகைக்குள் நகர்வது, பூட்டிய கதவை உடைப்பது, ஏணி ஏறுவது, உள்ளே சிக்கியவரைத் தேடி இழுத்து வருவது, கூரையை வெட்டிப் புகையை வெளியேற்றுவது, வீட்டுக்குள் ஹோஸ் இழுத்துப் போய்த் தீயை அணைப்பது எல்லாமே முதல் நிலைதான். ஆபத்தான ரசாயனங்களைப் பற்றிய பாடமும் உண்டு. பயிற்சிக் கட்டடத்தில் நிஜத் தீ மூட்டி உள்ளே அனுப்பிப் பழக்குவார்கள். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் உங்கள் மகன் சான்றிதழோடு வந்திருக்கிறான்.

அப்படியானால் என்னதான் வித்தியாசம்? யார் கண்பார்வையில் வேலை செய்கிறான் என்பதில்தான் இருக்கிறது. முதல் நிலைக்காரர் நேரடி மேற்பார்வையில், ஒரு குழுவின் ஆளாக, சொன்ன வேலையைச் செய்பவர். லெப்டினன்டோ அனுபவசாலியோ பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாம் நிலைக்காரரிடம் “இதைப் பார்த்துக்கொள்” என்று ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு அதிகாரி அடுத்ததைக் கவனிக்கலாம். டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் ஒரே வேலைதான், வேகம்தான் கூடும். இங்கே வேகம் கூடுவதில்லை, பொறுப்பு மாறுகிறது. ஆனால் பதவி உயர்வும் இல்லை. லெப்டினன்ட், கேப்டன் எல்லாம் தனி வழி, அதற்குத் தனிப் பாடங்கள் உண்டு.

இரண்டாம் நிலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கேஸ் சிலிண்டர் தீ. அதில் முதல் பாடமே, அவசரப்பட்டு அணைக்காதே என்பதுதான். வால்வை மூட வழியில்லாமல் சுடரை மட்டும் அணைத்தால், கேஸ் சத்தமில்லாமல் பரவி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். அதனால் தூரத்திலிருந்து தண்ணீரடித்துத் தொட்டியைக் குளிரவைத்து, ஹோஸ் குழுக்கள் நீர்த்திரை பிடித்தபடி ஒன்றாக முன்னேறி, வால்வை மூட வேண்டும். ஒருவர் அவசரப்பட்டாலும் எல்லோருக்கும் ஆபத்து. 1973 ஜூலை 5 அன்று அரிசோனாவில் கிங்மேன் என்ற ஊரில், புரொப்பேன் இறக்கிக்கொண்டிருந்த ரயில் டேங்கர் தீப்பிடித்து வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். உள்ளே திரவம் இருக்கிற மட்டத்துக்கு மேலே உள்ள இரும்பு, சூட்டில் பலமிழந்து கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. எப்போது நெருங்கலாம், எப்போது எல்லோரையும் பின்வாங்கச் சொல்ல வேண்டும் என்ற கணக்கைப் பயிற்சியில்தான் கற்க முடியும்.

அடுத்தது, வீட்டுக்குள் நடக்கும் வேலையை ஒருங்கிணைப்பது. சன்னலை உடைக்க முதல் நிலையிலேயே சொல்லித் தருகிறார்கள். அதை எப்போது உடைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல் ஆய்வகம் பழைய பாணி மரச் சாமான்கள் கொண்ட ஓர் அறையையும், இப்போதைய சோஃபாவும் நுரை மெத்தையும் போட்ட ஓர் அறையையும் எரித்துப் பார்த்தது. பழைய அறை முழுவதும் தீப்பற்றக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதுமட்டுமல்ல, இன்றைய வீட்டுத் தீ காற்றுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் தயாராகும் முன்பு வெளியே ஒருவர் ஆர்வத்தில் சன்னலை உடைத்தால், உள்ளே இருப்பவர்கள் மேல் தீ பாயும். ஹோஸ் குழு எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் போகிறது, தரை தாங்குமா என்று பார்த்துக் குழுவை நடத்தும் பாடம் இரண்டாம் நிலையில் வருகிறது. மகன் கூடுதல் ஆபத்துக்குள் போவானோ என்று கவலைப்படுகிறீர்கள். என்னைக் கேட்டால், இதைப் படித்தவன் படிக்காதவனைவிடப் பாதுகாப்பானவன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொறுங்கிய காரை முதலில் அசையாமல் முட்டுக்கொடுத்து, பிறகு வெட்டி ஆளை வெளியே எடுப்பது. எண்ணெய்த் தீயை ஃபோம் அடித்து அணைப்பது. தீ எங்கே தொடங்கியது என்று விசாரிக்க வருபவர்களுக்குத் தடயம் மிச்சமிருக்கும்படி, இடிபாட்டை வாரிக் கொட்டாமல் பார்த்துக்கொள்வது. ஹோஸ்களுக்கு வருடாந்தர அழுத்தச் சோதனை. சம்பவ அறிக்கை எழுதுவது. அப்புறம், வீடு வீடாகப் போய்ப் பாதுகாப்பு ஆய்வு செய்வது, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவது. பையன்கள் கொட்டாவி விடும் பாடங்கள் இந்தக் கடைசி மூன்றும்.

உங்கள் பயத்தைப் பொறுத்தவரை, எந்த நிலைச் சான்றிதழ் என்பதைவிட எப்படிப்பட்ட கம்பெனி என்பதுதான் முக்கியம். ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போய் சீஃபிடமே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். அழைப்பு வரும்போது எத்தனை பேர் வருகிறார்கள்? உள்ளே போகிறவர்களுக்காக வெளியே ஆள் நிற்கிறார்களா? மாதத்தில் எத்தனை நாள் பயிற்சி? இன்னொன்று: தீயில் போட்டுப் போன உடையை எங்கே துவைக்கிறார்கள்? இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்த உடை ஸ்டேஷனிலேயே துவைக்கப்பட வேண்டும். உங்கள் வாஷிங் மெஷினுக்கோ கார் டிக்கிக்கோ வரக் கூடாது.

சரி, உடனே சேரலாமா? ஒரு ஆறு மாதமாவது முதல் நிலையில் கற்றதை நிஜ அழைப்புகளில் பழகிவிட்டுப் போகட்டும் என்பேன். நெருப்பை அதிகம் பார்க்காமல் குழுவை நடத்தப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. செமஸ்டர் பரீட்சை நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

இனி அவன் அப்பாவுக்கு. அமெரிக்காவில் 2020 கணக்குப்படி சுமார் 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்கள். அதில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் வாலன்டியர்கள். அதாவது சான்றிதழ் வைத்திருப்பவர் எல்லோருக்கும் சம்பள வேலை இல்லை. நியூஜெர்சியில் பல ஊர்கள் மாநில அரசின் சிவில் சர்வீஸ் தேர்வின் பட்டியலிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் முன்னுரிமை, வயது வரம்பும் உண்டு. இரண்டாம் நிலைச் சான்றிதழ் அந்த வரிசையைத் தாண்ட வைக்காது. வேறு மாநிலத்துக்குப் போவதானால் உதவும். ஆனால் அதில், சான்றிதழ்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகளான புரோ போர்டு அல்லது ஐ.எஃப்.எஸ்.ஏ.சி-யின் முத்திரை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளட்டும். வெளி மாநிலங்கள் முதலில் தேடுவது அதைத்தான். பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. டெக்சாஸில் ‘பேசிக்’ என்று தருவதிலேயே 1, 2 இரண்டும் அடங்கிவிடும். அதற்கு மேலே இடைநிலை, அட்வான்ஸ்டு, மாஸ்டர் என்பவை பணி அனுபவமும் கூடுதல் படிப்பும் சேர்ந்தால் வருபவை.

வேலைதான் குறி என்றால் ஃபயர்ஃபைட்டர் 2-க்கு முன்பு இ.எம்.டி எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழை எடுக்கச் சொல்வேன். தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் மருத்துவ உதவி, மீட்பு சம்பந்தப்பட்டவை. இ.எம்.டி இல்லாதவரை எடுக்காத துறைகள் நிறைய.

இன்ஜினியரிங்கை விடச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஃபயர் புரொடெக்‌ஷன் இன்ஜினியரிங் இளநிலைப் படிப்பே இருக்கிறது. கவுண்டி காலேஜ் முடித்து மாற விண்ணப்பிக்கலாம். ஸ்பிரிங்க்ளர், புகை வெளியேற்றம், கட்டட வடிவமைப்பு என்று பகல் நேர வேலைகளுக்கு வழி இருக்கும். அவன் அப்பாவிடம் இதுவரை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் பார்க் ஊரின் வாலன்டியர் ஃபயர் ஸ்டேஷனில் மாணவர்கள் தங்கிக்கொண்டே அழைப்புகளுக்கும் போகிறார்கள் என்பதை மகனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.