இரவில் அமுக்குவது போன்ற பயம்: சகோதரிக்கு

சகோதரி, நடு இரவில் விழித்தால் கை கால் அசையவில்லை, யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, ஜெபித்தும் போகாததால் விசுவாசம் குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. நீங்கள் சொல்வது தூக்க முடக்கம் போலத் தெரிகிறது. மனம் விழித்த பின்னும் கனவுநேரத் தசைத் தளர்வு சற்று நேரம் நீடிக்கும், தானாகவே விலகிவிடும். மல்லாந்து படுக்காதீர்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், படுக்குமுன் வேதாகமத்தின் 3-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது தாவீது ராஜா பாடியது அது. ஆபத்து தீர்ந்த பிறகு அவர் தூங்கவில்லை. எதிரிகள் சூழ்ந்திருக்கும்போதே படுத்துத் தூங்கினார். படுத்துத் தூங்கி விழித்தேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார் என்று சொல்லும் 5-ஆம் வசனம் எனக்கு உயிர். உடல் அசையாத நேரத்தில் நீண்ட ஜெபம் வராது, "இயேசுவே" என்று மனதுக்குள் சொன்னாலே போதும். இன்றிரவு உங்களுக்காக ஜெபிக்கிறேன்.