குரூப் சேராவிட்டால் கல்லீரல் தர முடியாதா?

கேள்வி: அண்ணனுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்). மைனி கல்லீரல் தரத் தயார். அண்ணன் ஓ பாசிட்டிவ், மைனி ஏ பாசிட்டிவ். குரூப் சேராது என்கிறார்கள். வேறு வழியே இல்லையா? (குளச்சல் வாசகர்)

வழி இருக்கிறது, மனம் தளர வேண்டாம். பாசிட்டிவ், நெகட்டிவ் இங்கே பெரிய விஷயமில்லை. சிக்கல் ஓ, ஏ என்பதில்தான். அண்ணனின் ரத்தத்தில் ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அந்நியமானதைத் தாக்கும் புரதம், குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிட்டது. மைனியின் கல்லீரலில் ரத்தக்குழாய்ச் சுவரிலும் பித்தக்குழாயிலும் ஏ அடையாளம் இருக்கும். அப்படியே வைத்தால் ஆன்டிபாடி அங்கே ஒட்டும். சில நாட்களில் திசு அழியலாம், அல்லது கொஞ்ச காலம் கழித்து உள்ளே பித்தக்குழாய்கள் சுருங்கலாம். இரண்டாவது ஆபத்துதான் பல பேரைப் படுத்துகிறது.

முதலில் ஓ குரூப் உள்ள நெருங்கிய உறவினர் வேறு யாராவது உண்டா என்று பாருங்கள். இரண்டு குடும்பங்கள் கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் 2011 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. ஒரு வீட்டில் நோயாளி ஏ, கொடையாளர் பி; மறு வீட்டில் நோயாளி பி, கொடையாளர் ஏ என்றால் அது நன்றாகப் பொருந்தும். ஓ குரூப் நோயாளிக்கு ஜோடி கிடைப்பதுதான் கடினம். ஓ கொடையாளர் தன் வீட்டு நோயாளிக்கே நேரடியாகக் கொடுத்துவிடுவாரே.

அதுவும் அமையவில்லையா, சரி, மைனியின் கல்லீரலையே வைக்கலாம். அறுவைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ரிட்டுக்சிமாப் ஊசி போடுவார்கள். அது ஆன்டிபாடி உருவாவதைத் தடுக்கும். ஏற்கனவே ரத்தத்தில் இருப்பதை, பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றுவது) செய்து குறைப்பார்கள். ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டைட்டர் என்ற பரிசோதனையில் 1:256 என இருப்பது 1:16 போன்ற அளவுக்கு இறங்கிய பிறகே தேதி குறிப்பார்கள். செலவு கூடும், தொற்று பயமும் கூடும். ஆனால் நல்ல அனுபவமுள்ள மையங்களில் பலன் நன்றாகவே இருக்கிறது. இதற்கு வாரங்கள் தேவை. அண்ணன் ஐசியு போகும்வரை காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: நான் ஓ, அப்பா பி. நான் கொடுக்கலாமா? (தக்கலை)

தாராளமாக. உங்கள் கல்லீரலோடு போகும் வெள்ளணுக்கள் சிலசமயம் அப்பாவின் சிவப்பணுக்களைத் தாக்கும். முதல் சில வாரம் ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

கேள்வி: மாற்று அறுவை முடிந்து மூன்று வருடம். உடம்பில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையை நிறுத்தி, சீந்தில் கஷாயம் குடித்தால் போதும் என்கிறார் என் மாமியார். (மார்த்தாண்டம்)

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். புதுக் கல்லீரலை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்குவதுதான் நிராகரிப்பு. அது வலிக்காது. ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள் ஏறுவது மட்டும்தான் தெரியும். கண் மஞ்சளாகும்போது நாள் கடந்திருக்கும். சீந்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது. நாம் மாத்திரை போட்டு அடக்குவதும் அதே சக்தியைத்தான். மாற்றுக் கல்லீரல் இல்லாதவர்களுக்கே சீந்திலால் கல்லீரல் அழற்சி வந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் அன்பில் சொல்கிறார், இந்த ஆபத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகும் அன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறாதீர்கள்; அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். டப்பாவைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்த உடனே போடுங்கள். பப்ளிமாஸ் பழமும் தவிர்க்க வேண்டும். அப்புறம், பக்கத்து மெடிக்கலில் வேறு எந்த மருந்தும் கேட்டு வாங்காதீர்கள். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சட்டென்று இறக்கும்.

கேள்வி: நிராகரிப்பு என்றாலே கல்லீரல் போய்விட்டதா? (தோவாளை)

இல்லை. பயாப்சியில் (கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதில்) உறுதியானால் பெரும்பாலும் மூன்று நாள் அளவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, மற்ற மாத்திரைகளின் அளவைச் சரிசெய்வார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும்.

கேள்வி: மாற்று அறுவை ஆனவர் சிப்பி சாப்பிடலாமா? (கடியபட்டணம்)

நன்றாக வெந்ததைச் சாப்பிடலாம். ஓடு விரிந்தவுடன் இறக்கிவிடாமல் மேலும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். காலில் புண் இருந்தால் கடல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.