பொருளாதார நூல்களை விலை கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: புத்தகக் கண்காட்சிக்குப் போனால், பொருளாதாரத்தைக் கதை போலச் சொல்லும் நூல்கள் அரங்குக்கு அரங்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 500, 600 ரூபாய். நான் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரத்தைப் பாடமாகப் படித்ததில்லை. இவற்றைப் படித்தால் எனக்குப் பொருளாதாரம் விளங்குமா, விளங்கிவிட்டது என்ற மயக்கம்தான் மிஞ்சுமா? விலை கொடுத்து வாங்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் அஞ்சும் மயக்கம் உண்மையானதுதான். ஆனாலும் அதற்காக இந்நூல்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே நூலில் உறுதியான அத்தியாயமும் ஆட்டம் காணும் அத்தியாயமும் அடுத்தடுத்து இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2005-இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’ நூலையே எடுத்துக்கொள்வோம். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் பத்திரிகையாளர் ஸ்டீபன் டப்னரும் சேர்ந்து எழுதியது. அதில் ஜப்பானின் சுமோ மல்யுத்தம் பற்றிய ஒரு பகுதி வருகிறது. ஒரு தொடரில் வீரருக்கு 15 ஆட்டங்கள். எட்டில் வென்றால் தரவரிசையில் ஏறலாம், ஏழோடு நின்றால் இறங்க வேண்டியதுதான். ஏழு வெற்றி, ஏழு தோல்வியோடு கடைசி நாளில் களமிறங்கும் வீரர், ஏற்கெனவே எட்டு வெற்றி பெற்றுக் கவலையற்று நிற்பவரோடு மோதினால், பழைய கணக்குப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 49 முறைதான் வென்றிருக்க வேண்டும். உண்மையில் ஏறத்தாழ 80 முறை வென்றிருந்தார். அதே இருவரும் அடுத்த முறை நெருக்கடி இல்லாத நாளில் மோதியபோது, முன்பு வென்றவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தோற்றார். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்பது நூலாசிரியர்களின் ஊகம். 2011-இல் வேறொரு சூதாட்ட வழக்குக்காகக் காவல்துறை கைப்பற்றிய கைப்பேசிகளில், ஆட்டங்களைப் பேசி முடித்ததற்கான குறுஞ்செய்திகள் அகப்பட்டன. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடரே ரத்தாயிற்று.

அதே நூலில் மிகுதியாகப் பேசப்பட்டது வேறோர் அத்தியாயம். 1990-களில் அமெரிக்காவில் குற்றங்கள் குறைந்ததற்கு, 1973-இல் கருக்கலைப்பு நாடு முழுவதும் சட்டபூர்வமாகி, வேண்டாத பிள்ளைகள் பிறப்பது குறைந்தது ஒரு முக்கியக் காரணம் என்று அது வாதிட்டது. நூல் வெளிவந்த ஆண்டிலேயே, அமெரிக்க மத்திய வங்கியின் பாஸ்டன் கிளையைச் சேர்ந்த இரு பொருளியலாளர்கள், அதற்கு ஆதாரமான ஆய்வின் ஒரு கணக்கீட்டில் செய்ததாகச் சொன்ன ஒன்று செய்யப்படாமல் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். லெவிட் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால் தம் முடிவு நிற்கிறது என்றார். சர்ச்சை இன்றும் தீரவில்லை. இரவல் வாங்கி ஒரே மூச்சில் படிக்கும் வாசகருக்கோ இரண்டு பகுதிகளும் ஒரே உறுதியோடு, ஒரே சுவையோடுதான் பேசும். நடையின் தெளிவு கணக்கின் தெளிவாகிவிடாது.

ஆகவே கடையில் நிற்கும்போது நான் முன்னுரையைப் படிப்பதில்லை. நடுவில் ஏதாவது ஓர் எண் வரும் பக்கத்தைப் புரட்டி, அதை யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் எண்ணினார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறதா என்றும், அதை ஏற்காதவர்களின் வாதத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால் பத்து விழுக்காடு கழிவு கொடுத்தாலும் அந்த நூல் எனக்கு வேண்டாம்.

வருங்காலம் சொல்லும் நூல்களுக்கு மட்டும் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. அட்டையைப் பார்த்ததும் வைத்துவிடலாம். 1990-இல் பெருமந்தம் வரும் என்று பொருளியலாளர் ரவி பத்ரா எழுதிய நூல் 1987-இல் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. வந்தது எட்டு மாத மிதமான தேக்கம், அதன்பின் பத்தாண்டு வளர்ச்சி. நூல்களை ஏராளமாக விற்றே உலகப் பொருளாதாரச் சரிவைத் தனியொருவராகத் தடுத்தவர் என்று சொல்லி, 1993-இல் அவருக்கு ‘இக் நோபல்’ என்னும் நையாண்டிப் பரிசை வழங்கினார்கள். அவருக்கு நேர் எதிராக, அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் 36,000-ஐத் தொடும் என்று 1999-இல் இருவர் எழுதினார்கள். 2002 அக்டோபரில் அது 7,300-க்கும் கீழே கிடந்தது. 36,000-ஐத் தாண்டியது 2021 நவம்பரில்தான். அழிவைச் சொன்னவர் நூலும் விற்றது, ஏற்றத்தைச் சொன்னவர்கள் நூலும் விற்றது.

வாங்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமா பிக்கெட்டியின் ‘இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்’ 2014-இல் ஆங்கிலத்தில் வந்தபோது வாங்காதவர்கள் குறைவு. ஏறத்தாழ 700 பக்க நூல். கிண்டில் என்னும் மின்னூல் கருவியில் வாசகர்கள் மிகுதியாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்களும் முதல் 26 பக்கங்களுக்குள்ளேயே இருந்ததை ஜோர்டன் எல்லன்பர்க் என்னும் கணிதப் பேராசிரியர் வேடிக்கையாகச் சுட்டிக்காட்டினார். நல்ல நூல்தான், ஆனால் அலமாரியில் அமர்ந்திருக்கும் நல்ல நூலால் பயனில்லை. முதலில் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்து ஐம்பது பக்கம் படியுங்கள். ஐம்பத்தோராம் பக்கத்துக்குக் கை தானாகப் போனால் வாங்கலாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படும் மாணவர்களுக்கு இவற்றின் தமிழாக்கங்களைப் பரிந்துரைக்கலாமா?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாகப் பரிந்துரைக்கலாம்; ஆனால் கலைச்சொற்களை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்றொன்றின் மதிப்புக்கு உங்கள் பாடநூல் ‘அமையச் செலவு’ என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘வாய்ப்புச் செலவு’ என்கிறது. சென்னையில் அச்சான நூலைக் கையிலெடுக்கும் உங்கள் மாணவர், தெரிந்த ஒன்றையே புதிதென்று எண்ணித் தடுமாறக்கூடும்.

இதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. இவ்வகை நூல்களின் அச்சாணியான ‘இன்சென்டிவ்’ என்ற சொல்லை ‘ஊக்கத்தொகை’ என்று எழுதிவிட்டால் நூலே சாய்ந்துவிடும். தொகை என்றதும் பணம் மட்டும்தான் மனத்தில் நிற்கும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் 1998-இல் நடந்த சோதனையைப் பாருங்கள். மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லப் பெற்றோர் தாமதமாக வந்தார்கள். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடம் தாமதித்தால் 10 ஷெகல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரை விரட்டிக்கொண்டிருந்தது. காசு கட்டியதும் கூச்சம் போய்விட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது திரும்பி வரவில்லை. கூச்சத்தைத் ‘தொகை’ என்று எப்படிச் சொல்வது? ‘தூண்டுதல்’ என்று மொழிபெயர்த்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளரை நம்பலாம்.

கேள்வி: கல்லூரியில் பொருளாதாரம் முதலாமாண்டு படிக்கிறேன். ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?
– மாணவி, தென்காசி

பதில்: பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வறுமையைப் பற்றி 2011-இல் எழுதிய ‘புவர் எகனாமிக்ஸ்’. 2019-இல் மைக்கேல் கிரெமரோடு இவர்கள் நோபல் பெற்றது நான் இதைச் சொல்வதற்குக் காரணமன்று. எண் எப்படிக் கிடைத்தது என்பதையே இவர்கள் கதையாக்குகிறார்கள் என்பதுதான் காரணம். ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், சும்மா விட்ட கிராமங்களில் எல்லாத் தடுப்பூசிகளையும் போட்டு முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 6. தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு, ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசிகளும் முடிந்ததும் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. செவிலியருக்கு எப்படியும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதால், பருப்பு கொடுத்த முகாமில் ஒரு குழந்தைக்கு ஆன செலவு வெறும் முகாமில் ஆனதில் சுமார் பாதிதான்.

காசில்லாமல் படிக்க விரும்பினால், இந்திய அரசின் 2019-20 பொருளாதார ஆய்வறிக்கை நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் ஒரு தட்டுச் சாப்பாட்டின் விலையை வைத்துப் பணவீக்கத்தை அளக்கும் ‘தாலினாமிக்ஸ்’ என்ற அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16 முதல் சைவச் சாப்பாட்டின் விலை குறைந்தது என்றும், 2019-இல் மீண்டும் ஏறியது என்றும் அது சொல்கிறது. அம்மாவிடம் அந்த ஆண்டுகளின் பழைய மளிகைச் சீட்டுகள் இருந்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கு எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அடுத்த வகுப்பில் பேராசிரியரிடம் காட்டுங்கள்.