ஊசி வேண்டாம் தம்பி, நாற்காலி போடுங்கள்

கேள்வி: 20 வருடமாக ஜிம் ட்ரெயினராக இருக்கிறேன். வயது 46. என்னிடம் தனியாகப் பயிற்சி எடுத்த பழைய பி.டி. (பர்சனல் ட்ரெயினிங்) கிளையண்டுகள் ஒவ்வொருவராக, போன வருடம் சேர்ந்த 24 வயதுப் பையனிடம் போய்விட்டார்கள். அவனுக்கு சிக்ஸ் பேக் இருக்கிறது, ரீல்ஸ் போடுகிறான். எனக்கு முழங்கால் வலி, கொஞ்சம் தொப்பை. “மூணு மாசம் ஊசி போடு, பழைய உடம்பு வந்துடும்” என்கிறான் நண்பன். போடலாமா, இல்லை தொழிலையே விட்டுவிட்டு ஆட்டோ வாங்கி ஓட்டலாமா?
– பெயர் வேண்டாம், கொளத்தூர்

பதில்: போடாதீர்கள். உங்கள் நண்பன் சொல்கிற ஊசி ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் சரக்கு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை மூட்டை கட்டி வைத்துவிடும். விரை சுருங்கும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இதயத்தின் சுவர் தடிக்கும். ஊசியை நிறுத்தினால் வந்த சதை கிளம்பிவிடும், நின்றுபோன உற்பத்தி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், யாராவது சரி என்று சொல்லமாட்டார்களா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லமாட்டேன்.

ஆட்டோ நல்ல தொழில்தான். ஆனால் நீங்கள் கேட்கிற தொனியில் ஆட்டோ மேல் ஆசை எதுவும் தெரியவில்லை, அந்தப் பையன் மேல் கோபம்தான் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். 26 வயதில் நீங்கள் உள்ளே நுழைந்தபோது ஓரத்தில் ஒரு வயதான மாஸ்டர் நின்றிருப்பாரே, அவருடைய ஆட்களை நீங்கள் எதைக் காட்டி இழுத்தீர்கள்? அதே ஆர்ம்ஸைத்தானே?

உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சில விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். காலை 5 முதல் 10 வரை ஒரு ஷிஃப்ட், மாலை 4 முதல் 10 வரை இன்னொன்று, இரவு 11 மணிக்குப் பரோட்டா, தூக்கம் 4 மணி நேரம், சொந்தமாக வெயிட் தொட்டே ஒன்றரை வருடம். தம்பி, தொப்பைக்கு வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். 30 வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்கிறார்கள், 60க்கு மேல் இன்னும் வேகமாக. அதைத் தடுக்கிற வேலையைத்தான் நீங்கள் நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்கிறீர்கள், உங்களுக்குச் செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மனோகர் ஐச் என்று கல்கத்தாக்கார பாடிபில்டர் ஒருவர் இருந்தார். உயரம் 4 அடி 11 அங்குலம். 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினார். அதற்கப்புறமும் வயிற்றுப்பாட்டுக்கு சர்க்கஸில் வித்தை காட்டினார், ஜிம் வைத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாடு என்ன? சோறு, மீன், பருப்பு, பழைய சோறு. 2016ல் இறந்தபோது வயது 104. மேடையில் அவர் உடம்பைக் காட்டிய வருடங்களை விட, பிழைப்போடு பிழைப்பாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்ட வருடங்கள்தான் ரொம்ப அதிகம்.

என் கதை ஒன்று. எனக்கு 61. ஒரு பெரிய ஜிம்மில் ஜனவரி மாதம் ஆண்டுச் சந்தா கட்டி 11 நாள் போன அறிவாளி நான். அங்கே உங்கள் பையனைப் போலவே ஒருவன், போனைப் பார்த்துக்கொண்டே “சார், இன்னும் ரெண்டு” என்பான், எதில் இன்னும் ரெண்டு என்று அவனுக்கே தெரியாது. அப்புறம் எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு அம்மா வர ஆரம்பித்தார். வயது 50க்கு மேல், முன்பு ஏரோபிக்ஸ் வகுப்பு எடுத்தவர். முதல் நாள் வெயிட் எதையும் காட்டவில்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைப் போட்டு, “கையை மார்புல குறுக்கக் கட்டிக்கங்க சார், 30 செகண்ட், எத்தனை தடவை எழுந்து உட்கார்றீங்கன்னு பார்ப்போம்” என்றார். 9 தடவை. 60லிருந்து 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழே என்றால் சராசரிக்கும் குறைவாம். “இப்படியே போனா இன்னும் நாலு வருஷத்துல மாநகரப் பஸ் படி ஏற முடியாது” என்று சிரிக்காமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் பார்த்தது என் முகத்தையோ தொப்பையையோ அல்ல, என் இடது குதிகாலை, எழும்போது அது தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று. மூன்று மாதத்தில் 15. இந்தக் கண் ஒரே வருடத்தில் வராது. உங்களுக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது, அந்தக் கண் உங்களிடம் இருக்கவேண்டும்.

உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்கிறீர்களா? காலை ஆறு மணிக்கு அண்ணா நகர் டவர் பார்க்குக்குப் போய் நில்லுங்கள். நாற்பது நிமிடம் நடந்துவிட்டு நேராக வடைக்குப் போகிற கூட்டம். உலக சுகாதார நிறுவனம் 2020லேயே சொல்லிவிட்டது, நடையோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், 65க்கு மேல் என்றால் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் மூன்று நாள் வேண்டும் என்று. இவர்களுக்கு அதை யார் சொல்லித்தருகிறார்கள்? 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய்க்காரர்கள் மட்டும் பத்து கோடிக்கு மேல், அந்த ஆய்வை நடத்தியதே நம்ம சென்னையில் இருக்கிற சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையம்தான். “இந்த வயசுக்கு மேல என்ன சார்” என்று இவர்கள் இழுத்தால், 1990ல் பாஸ்டன் முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் வெயிட் கொடுத்துப் பயிற்சி. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

ஆனால் 2005ல் படித்த அதே செஸ்ட் டே, பேக் டே (ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு) அட்டவணையோடு இவர்களிடம் வராதீர்கள். பி.பி. உள்ளவர் மூச்சை அடக்கித் தூக்கினால் பிரஷர் எகிறும். இன்சுலின் போடுகிறவருக்கு நடுவில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், பையில் குளுக்கோஸ் இருக்கவேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து படியுங்கள். முதலில் உங்கள் முழங்காலை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், வைத்தியமும் ஆச்சு, பாடமும் ஆச்சு. மாலை ஷிஃப்ட்டை விட்டுவிட்டு பத்து மணிக்குத் தூங்குங்கள், பரோட்டா இடத்தில் இரண்டு முட்டையும் சுண்டலும் வரட்டும். கொஞ்ச நாள் வருமானம் குறையும்தான், அதை மறைக்க நான் தயாரில்லை.

ரீல்ஸ் போடவேண்டும் என்றால் போடுங்கள், தொப்பையோடே போடுங்கள். முதல் வகுப்புக்கு ஐந்து நாற்காலி போதும். சுவரை ஒட்டிப் போடுங்கள், மொசைக் தரையில் பின்னால் நழுவும்.