வாசகர் கேள்வி பதில்: கிண்டல் செய்தவர் பெயரில் ஓர் ஊர்

அமெரிக்காவில் டுலூத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன ஈரோட்டு வாசகி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார்.

கே: பக்கத்து ஊரான ப்ராக்டரில் ஒரு ராட்சத நீராவி இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூவாயிரம் பேர் வாழும் ஊருக்கு அது எதற்கு?

ப: ரயில் இல்லாவிட்டால் அந்த ஊரே இல்லையம்மா. மினசோட்டாவின் மெசாபி சுரங்கங்களில் வெட்டிய இரும்புத்தாது கப்பலேற டுலூத்துக்கு வர வேண்டும், டுலூத் துறைமுகமோ சுமார் 600 அடி கீழே, சுப்பீரியர் ஏரிக்கரையில். அவ்வளவு கனத்தை நேரே சரிவில் விட்டால் என்ன ஆகும்? மேட்டிலேயே நிறுத்தி, எடை போட்டு, பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்து, அப்புறம்தான் இறக்க வேண்டும். அதற்காக ரயில் கம்பெனி அங்கே யார்டும் பணிமனையும் போட்டது, வேலைக்கு வந்தவர்கள் சுற்றிலும் வீடு கட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் பார்த்தது யெல்லோஸ்டோன் ரகத்தைச் சேர்ந்த 225-ம் எண் இன்ஜின், 1941-ல் பால்ட்வின் கம்பெனி செய்தது. கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டியான டெண்டரோடு சேர்த்து சுமார் 500 டன்! இழுவைச் சக்கரங்கள் மட்டும் 16. இந்த ரயில்வேக்குச் செய்த 18-ல் மூன்றுதான் மிச்சம், டீசல் வந்ததும் மற்றவை காயலான் கடைக்குப் போய்விட்டன.

கே: ப்ராக்டர் யார்?

ப: இதுதான் வேடிக்கை. ப்ராக்டர் நாட் என்று கென்டக்கிக்காரர் ஒருவர். 1871 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரயில்பாதைக்கு நிலம் கொடுக்கும் மசோதா வந்தபோது எழுந்து, டுலூத்தை ஆகா ஓகோவென்று புகழ்வதுபோல் புகழ்ந்து சபையைச் சிரிக்க வைத்தார். பேச்சு நாடெங்கும் பரவி, யாருக்கும் தெரியாத டுலூத்துக்குக் காசில்லாமல் விளம்பரம் கிடைத்தது. 1894-ல் மேட்டில் ஊர் அமைத்தவர்கள் கோபப்படவில்லை, ப்ராக்டர்நாட் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு 'நாட்' உதிர்ந்தது. கிண்டலை இதைவிட அழகாக யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

கே: இன்னும் ரயில் ஊர்தானா?

ப: 2004-லிருந்து அந்தப் பாதை கனடியன் நேஷனல் என்ற கனடா ரயில் கம்பெனியின் கைவசம். பள்ளி விளையாட்டு அணிக்கு ரெயில்ஸ் என்று பெயர், அதாவது தண்டவாளங்கள். ஆண்டுதோறும் 'ஹாக்ஹெட்' திருவிழா உண்டு. நேராகப் பார்த்தால் 'பன்றித்தலை' என்றாகிறது, பயப்படாதீர்கள்: பழைய ரயில்காரர்கள் பெரிய இன்ஜினை 'பன்றி' என்பார்கள், அதை ஓட்டும் டிரைவருக்குத்தான் இந்தப் பட்டம்.