தங்கமீனின் வயிறு வீங்கிச் செதில்கள் கிளம்பிவிட்டன, காப்பாற்ற முடியுமா?

முதலில் அந்த நீல மருந்தை ஊற்றுவதை நிறுத்துங்கள். தங்கமீனின் வயிறு ஊதிக்கொண்டே போகிறது, கடையில் தந்த நீல மருந்தைப் போட்டும் வற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மெத்திலீன் புளூ. மீன் முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் காக்க நல்லது. உடலுக்குள் இருக்கும் கோளாறை அது எட்டாது. போதாக்குறைக்கு, வடிகட்டியில் குடியிருந்து நீரைச் சுத்தமாக்கும் பக்டீரியாக்களையும் கெடுத்துவிடும். எந்த நோயைச் சொன்னாலும் அதே போத்தலை எடுத்து நீட்டும் கடைக்காரர்களை எங்கள் திருகோணமலையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மீனை மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். செதில்கள் உடலோடு படிந்திருந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால் மலச்சிக்கலாக இருக்கலாம், சினையாக இருக்கலாம், உள்ளே கட்டியோ புழுவோ கூட இருக்கலாம். மலச்சிக்கல் என்றால் இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளம்பி, உடம்பு அன்னமுன்னாப் பழத்தின் தோல் போலத் தெரிந்தால்தான் அது வீக்க நோய். கண்கள் பிதுங்குவதும், செவுள் வெளிறுவதும், இரையைத் தொடாமல் மூலையில் ஒதுங்குவதும் பெரும்பாலும் கூடவே வரும்.

உண்மையில் இது ஒரு நோயின் பெயரே அல்ல, சிறுநீரகம் தோற்றுப்போனதன் அடையாளம். நன்னீர் மீனின் உடலில் வெளியே உள்ள நீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். அந்த வேலை நின்றால் நீர் வயிற்றறையில் தேங்கிச் செதில்களை உள்ளிருந்து தள்ளுகிறது. (கொட்டியாரக் குடாவில் பிடிபடும் மீனுக்கு நேர்மாறான கவலை: அது நீரை இழந்துகொண்டே இருப்பதால் கடல்நீரைக் குடிக்க வேண்டும்.) சிறுநீரகத்தைக் கெடுப்பது அநேகமாக ஏரோமோனாஸ் வகைப் பக்டீரியா. அது ஆரோக்கியமான தொட்டியிலும் இருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நீரில் ஏறி மீன் சோர்ந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டும். அதே கிருமி நம் கைப்புண்ணிலும் தொற்றக்கூடும் என்பதால் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மீனைத் தனி வாளிக்கோ சிறு தொட்டிக்கோ மாற்றுங்கள். நீர் ஆழமில்லாமல் இருக்கட்டும், காற்றுக் குமிழ் நிற்காமல் ஓடட்டும். பாமசியில் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேற்று, கிடைக்கும். 20 லீற்றருக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி வீதம் தனியே கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கறி உப்பை அதற்குப் பதிலாகப் போட வேண்டாம். தினமும் கால்வாசி நீரை மாற்றுங்கள். மாற்றிய நீரின் அளவுக்கு மட்டும் மீண்டும் உப்பு. இது தேங்கிய நீரை இழுத்து மீனுக்கு மூச்சுவிட அவகாசம் தரும், கிருமியைக் கொல்லாது. அதற்கு அன்ரிபயோற்றிக் வேண்டும், அதுவும் இரையில் கலந்து கொடுத்தால்தான் பலன் அதிகம். மனிதர்களுக்கான குளிசையை உடைத்துத் தொட்டியில் தூவாதீர்கள். அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மாடும் ஆடும் பார்க்கிறவர் மீனுக்கு என்ன சொல்வார் என்று தயங்க வேண்டாம், மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரிந்தவர் அவர்தான்.

வெளிநாட்டுக் காணொளிகளில் ஹீற்றர் போடச் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் வீட்டுத் தொட்டி தானாகவே 30 பாகையைத் தொடுகிறது. தங்கமீனோ குளிர்நீரை விரும்பும் மீன். சூடு ஏற ஏற நீரில் ஒட்சிசன் குறையும், அமோனியாவின் நஞ்சு கூடும். ஹீற்றர் வேண்டாம், நிழல்தான் வேண்டும். மின்சாரம் போனால் சிறு பற்றரி பம்பு ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது. குழாய் நீரைப் பிடித்தவுடன் ஊற்றாமல் இரவு முழுவதும் வாய் அகன்ற பாத்திரத்தில் காற்றோட வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் குளோரின் நீக்கும் துளிமருந்து. கரையோரக் கிணறென்றால் உவர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழைக்குமா என்று கேட்டீர்கள். செதில் சிறிதாகக் கிளம்பிய நிலையில், இன்னும் இரை எடுக்கிற மீன் தேறுவதுண்டு. உடம்பு முழுவதும் விரிந்து, கண்ணும் பிதுங்கி, தரையில் கிடக்கும் மீன் பெரும்பாலும் தேறாது. அந்த நிலையில் உப்பும் மருந்துமாக அதை இழுத்தடிப்பதை நான் விரும்புவதில்லை. கராம்பு எண்ணெயால் மயக்கி வலியில்லாமல் முடிக்கும் முறை இருக்கிறது. அளவையும் அதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கிடையில் பெரிய தொட்டியில் மிஞ்சியிருக்கும் மீன்களை மறக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, அடியில் தேங்கிய கழிவை உறிஞ்சி எடுத்து, இரையைப் பாதியாக்குங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து போடுங்கள்.